உடற்குழி நீரில் புற்றுநோய் தேடும் மார்க்கர்கள்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நுரையீரல் உறை, வயிற்று உறை, இதய உறை ஆகிய மூன்று குழிகளில் சேரும் நீரில் கார்சினோமா (எபிதீலியல் செல்லில், அதாவது உறுப்புகளின் மேலுறைச் செல்லில், தொடங்கும் புற்று) செல் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு ஆன்டிபாடிதான் (செல்லில் இருக்கும் மார்க்கர் புரதத்தைப் பிடித்து நிறம் காட்டுவது) வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள ஆய்வகம் கிளாடின்-4ஐ வாங்கட்டும். இரண்டாவதாகக் கால்ரெட்டினின். மூன்றாவதாக பிஏபி-1. இந்த மூன்றையும் ஒழுங்காக ஓட்டத் தெரிந்த ஆய்வகம், அலமாரி நிறைய ஆன்டிபாடி வைத்துக்கொண்டு செல் பிளாக்கை (நீரிலிருந்து திரட்டிய செல்களை மெழுகில் பதித்த கட்டி) கவனிக்காமல் விடும் ஆய்வகத்தைவிட நம்பகமான ரிப்போர்ட் தரும்.

எந்தச் சிக்கலைத் தீர்க்க இவை வந்தன என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் எது உழைக்கிறது என்று அளக்க முடியும். உறையின் உட்பரப்பை மூடியிருக்கும் மீசோதீலியல் செல்கள் இயல்பில் தட்டையாக, ஒற்றை அடுக்காக இருப்பவை. கல்லீரல் சுருக்க நோய், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, தொற்று, கதிர்வீச்சு, டயாலிசிஸ் என்று எது உறுத்தினாலும் அவை உப்பி, நீரில் உதிர்ந்து, கொத்தாகச் சேரும். ஒரே செல்லில் இரண்டு மூன்று உட்கருக்கள், பெரிய உட்கருமணி, செல்பிரிவு எல்லாம் தெரியும். பார்ப்பதற்குப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். மறுபக்கம், மார்பகத்தின் லோபுலர் கார்சினோமா செல்லும் இரைப்பையின் சிக்னெட் ரிங் செல்லும் ஒற்றை ஒற்றையாக, மேக்ரோஃபேஜ்களின் (கழிவை விழுங்கும் செல்கள்) நடுவே சாதுவாக உட்கார்ந்திருக்கும். பாப்பனிக்கோலா, ஜீம்சா சாயங்களிலேயே பெரும்பாலான கேஸ்கள் முடிந்துவிடும் என்பது உண்மை. மிச்சமிருக்கும் கேஸ்களில்தான் நோயாளியின் சிகிச்சையே திசை மாறும்.

2020இல் வெளிவந்த பன்னாட்டு ரிப்போர்ட்டிங் முறை உடற்குழி நீருக்கு ஐந்து வகைகளை வைத்திருக்கிறது: போதாத மாதிரி, புற்று இல்லை, பொருள் தெளிவில்லாத மாற்றம், புற்று என்ற சந்தேகம், புற்று. நடுவில் இருக்கும் 'தெளிவில்லாத மாற்றம்' என்ற பெட்டியைக் காலியாக வைத்திருப்பதே மார்க்கர்களின் முதல் வேலை. அந்தப் பெட்டி நிரம்பி வழிகிறது என்றால் குறை பெரும்பாலும் ஆன்டிபாடியில் இருக்காது. அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கும்.

செல் பிளாக்: மொத்தப் பரிசோதனையும் நிற்கும் இடம்

நீரில் எடுக்கும் மார்க்கர் பரிசோதனைக்கு ஸ்மியரைவிடச் செல் பிளாக்கே சிறந்தது. ஒரே செல் கொத்தை அடுத்தடுத்த வெட்டுகளில் வெவ்வேறு சாயங்களில் பார்க்கும் வசதி அதில்தான் உண்டு. அதற்கு முதலில் போதிய நீர் வேண்டும். 50 முதல் 75 மி.லி.க்குக் குறையாமல் அனுப்பச் சொல்ல வேண்டும், 5 மி.லி. சிரிஞ்சில் வரும் நீரில் மார்க்கர் கேட்பது வீண். நீரை ஃபார்மலினிலோ ஆல்கஹாலிலோ ஊற்றாமல் அப்படியே அனுப்புவதுதான் நல்லது. உடனே கையாள முடியாவிட்டால் 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் செல்கள் இரண்டு மூன்று நாள் வரை பெரிதாகக் கெடாது. நீர் ரத்தம் போல உறைந்து கட்டியாகிவிடும் என்ற அச்சம் இருந்தால் ஹெப்பாரின் அல்லது ஈடிடிஏ சேர்த்த புட்டியில் எடுக்கலாம். உறைந்த கட்டிக்குள் செல்கள் சிக்கிக்கொண்டால் மேல்நீரில் ஒன்றும் கிடைக்காது. அப்படி உறைந்தே வந்துவிட்டால் கட்டியைத் தூக்கி எறியாமல் அதையே காசெட்டில் (திசு வைக்கும் துளையிட்ட சிறு பெட்டி) போட வேண்டும்.

பிளாஸ்மா-த்ராம்பின் முறை மலிவானது, பழகிவிட்டால் பிசகாதது. நீரை 600 ஜி அளவில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை வடித்துத் தனியே வைத்துக்கொண்டு, படிவில் இரண்டு மூன்று சொட்டு பிளாஸ்மா விட்டுக் கலக்கி, அதே அளவு த்ராம்பின் விட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் கூழ் போல இறுகும். அதை லென்ஸ் பேப்பரில் மடித்துக் காசெட்டில் வைத்து 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம் விட வேண்டும். மார்பகப் புற்று என்ற சந்தேகம் இருந்தால் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஈஆர், ஹெர்-2 மார்க்கர்களைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் ஃபார்மலினில் இருப்பது கட்டாயம். எப்போது போட்டோம், எப்போது எடுத்தோம் என்று எழுதியும் வைக்க வேண்டும்.

எங்கே கெடும்? கட்டி இறுகவில்லை என்றால் இரண்டில் ஒன்று: ஒன்று, யாரோ முன்கூட்டியே ஃபார்மலினோ ஆல்கஹாலோ ஊற்றியிருக்கிறார்கள், அதை உப்புநீரில் இரண்டு முறை கழுவாமல் த்ராம்பின் வேலை செய்யாது. இல்லையென்றால் பிளாஸ்மா பழையது, ஃபைப்ரினோஜன் தீர்ந்துவிட்டது. ரத்தம் கலந்த நீரில் படிவின் அடியில் சிவப்பணுக்களும் அதன் மேலே மெல்லிய வெண்படலமும் தெரியும். தேவையான செல்கள் இருப்பது அந்த வெண்படலத்தில். முழுப் படிவையும் கட்டியாக்கினால் பிளாக்கில் ரத்தம்தான் மிஞ்சும். பைப்பெட்டால் படலத்தை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இன்னொன்று கவனம்: ஒரே த்ராம்பின் புட்டியில் ஒவ்வொரு கேஸுக்கும் அதே பைப்பெட்டை விட்டால் ஒரு நோயாளியின் புற்றுச்செல் அடுத்த நோயாளியின் பிளாக்கில் போய் நிற்கும். இது கற்பனையான பயம் இல்லை. சிறு சிறு குழாய்களில் பிரித்து வைத்து, ஒரு கேஸுக்கு ஒன்று என்று பயன்படுத்துவதே வழி. அகர் அடிப்படையிலான ஆயத்தக் கூழ்கள் இந்தத் தொல்லைகளை ஓரளவு குறைக்கும். ஆனால் சூடு அதிகமானால் செல் சுருங்கும், சூடு போதாவிட்டால் செல்கள் கூழில் சமமாகப் பரவாது.

ஆல்கஹாலில் நிலைப்படுத்திய செல்களில் ஆன்டிபாடி நடந்துகொள்ளும் விதமே வேறு. திசுவில் ஃபார்மலினில் சரிபார்த்த அளவீடு இங்கே செல்லாது. ஈஆர் மங்கும், எஸ்100 காணாமலே போகும், அந்தப் புரதம் ஆல்கஹாலில் கரைந்து வெளியேறிவிடுவதால். அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரியின் 2024 வழிகாட்டுதல், மூலச் சரிபார்ப்பிலிருந்து வேறுபட்ட முறையில் நிலைப்படுத்திய செல் மாதிரிகளுக்கு ஒவ்வொரு மார்க்கரையும் குறைந்தது 10 பாசிட்டிவ், 10 நெகட்டிவ் கேஸ்களில் தனியாகச் சரிபார்க்கச் சொல்கிறது. இதைச் செய்யாத ஆய்வகத்தின் 'நெகட்டிவ்' முடிவை நம்பக் கூடாது. கண்ட்ரோல் ஸ்லைடில் இருக்கும் திசு ஃபார்மலினில் ஊறியது, நோயாளியின் செல் ஆல்கஹாலில் ஊறியது என்றால் கண்ட்ரோல் பளிச்சென்று இருந்தும் நோயாளியின் ஸ்லைடு பொய் சொல்லும்.

கிளாடின்-4

எபிதீலியல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் இணைப்பின் புரதம் இது. மீசோதீலியல் செல்லில், அது சாதுவானதானாலும் அந்தச் செல்லிலேயே தொடங்கும் புற்றான மீசோதீலியோமாவானாலும், இது கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. அடினோகார்சினோமாக்களில் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் பிடிமானம் உள்ள மார்க்கர் இந்தத் துறையில் வேறு இல்லை.

நல்ல ஸ்லைடில் செல்லின் விளிம்பு முழுவதும் மெல்லிய பழுப்புக் கோடு ஓடும். கொத்தாக இருந்தால் தேனடையின் அறைகள் மாதிரி ஒவ்வொரு செல்லும் தனித்தனியே வரையப்பட்டிருக்கும். நூற்றுக்கணக்கான மேக்ரோஃபேஜ்களுக்கு நடுவே ஒளிந்திருந்த நான்கைந்து லோபுலர் கார்சினோமா செல்கள் குறைந்த உருப்பெருக்கத்திலேயே கண்ணில் படும். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை முதல் சாயமாக வைக்கலாம். சைட்டோபிளாசம் மட்டும் மங்கலாகப் பழுப்பேறியிருந்தால் அதைப் பாசிட்டிவ் என்று எண்ணக் கூடாது. அழுகும் நிலையில் இருக்கும் செல் எந்த ஆன்டிபாடியையும் உறிஞ்சிக்கொள்ளும்.

குறைகள்: ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமாவில் வராது. சிறுநீரகத்தின் கிளியர் செல் கார்சினோமாவிலும் ஸ்குவாமஸ் கார்சினோமாவிலும் பலவீனமாக வரலாம், வராமலும் போகலாம். மெலனோமா, லிம்ஃபோமா, சார்கோமா, எஸ்மார்க்ஏ4 என்ற புரதத்தை இழந்த கட்டி ஆகியவற்றில் எதிர்பார்க்கவே கூடாது. ஆக, 'கிளாடின் நெகட்டிவ், எனவே புற்று இல்லை' என்ற வாக்கியம் தவறு. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை, இது வம்சத்தைச் சொல்லுமே தவிரக் குணத்தைச் சொல்லாது. வயிற்று நீர் எடுக்கும் ஊசி குடலை உரசினால் வரும் சாதாரணக் குடல் செல்லும் பாசிட்டிவ். பெண்களின் இடுப்புக் கழுவுநீரில் தென்படும் எண்டோசால்பிஞ்சியோசிஸ் என்ற தீங்கற்ற செல் கொத்தும் பாசிட்டிவ், கூடவே சினைப்பை மார்க்கரான பாக்ஸ்-8ம் பாசிட்டிவ். அங்கே உட்கருவின் தோற்றம், நுண்மயிர், கொத்தின் வடிவம் ஆகியவைதான் முடிவு செய்யும். கழுவுநீர் முடிவு கருப்பைக் குழாய், சினைப்பைப் புற்றின் நிலையையே மாற்றிவிடும் என்பதால் (மகளிர் புற்றுகளுக்கான 2014 ஃபீகோ நிலைப்பிரிவு முறையில் ஐசி3) இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது.

பெர்-ஈபி4, மோக்-31

கார்சினோமாவைத் தேடும் பழைய நண்பர்கள். எளிதில் கிடைக்கும், நன்றாகச் சாயம் பிடிக்கும். குறை என்னவென்றால் மீசோதீலியோமாக்களில் ஐந்தில் ஒன்று வரை அங்கங்கே பெர்-ஈபி4 பிடிக்கலாம். பலர் கவனிக்காத விஷயம், இரண்டும் எப்கேம் என்ற ஒரே புரதத்தைப் பிடிப்பவை. இரண்டையும் போட்டுவிட்டு 'இரண்டு கார்சினோமா மார்க்கர் பாசிட்டிவ்' என்று எழுதுவது ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுவது ஆகும். பன்னாட்டு மீசோதீலியோமா குழுவின் வழிகாட்டுதல் கேட்பது குறைந்தது இரண்டு மீசோதீலியல் மார்க்கரும் இரண்டு கார்சினோமா மார்க்கரும். ஒவ்வொன்றும் 80 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ளதாக இருக்க வேண்டும். அந்த இரண்டாவது இடத்துக்கு எப்கேம் ஒன்று போதும், முதலிடம் கிளாடினுக்கு. இருப்பு வைத்திருக்கும் ஆய்வகம் பெர்-ஈபி4, மோக்-31 இரண்டில் எதில் தன் கையில் பின்னணி சுத்தமாக வருகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிடலாம்.

கால்ரெட்டினின், டபிள்யூடி-1, டி2-40, சிகே 5/6

நான்கும் மீசோதீலியப் பக்கத்துச் சாட்சிகள். இவற்றில் கால்ரெட்டினின்தான் தலைமை. விதி ஒன்றே: உட்கருவும் சைட்டோபிளாசமும் இரண்டுமே பிடிக்க வேண்டும். சைட்டோபிளாசம் மட்டும் பிடித்தால் கணக்கில் சேராது. இந்த விதியை மறப்பவர்கள்தான் மும்மை எதிர்மறை (ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் இல்லாத) மார்பகப் புற்றை மீசோதீலியம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வகைப் புற்றில் கால்ரெட்டினின் பிடிப்பது அரிதல்ல. சிகே 5/6 அதே புற்றிலும் பிடிக்கும், ஸ்குவாமஸ் கார்சினோமாவிலும் பிடிக்கும். அதனால் ஸ்குவாமஸ் சந்தேகத்தில் சிகே 5/6 போடுவது வீண் செலவு, பி40தான் போட வேண்டும்.

டபிள்யூடி-1 உட்கருவில் பார்க்க வேண்டியது. நுரையீரல் உறை நீரில் நல்ல உதவி. வயிற்று நீரில் காலை வாரும், ஏனென்றால் சினைப்பையின் சீரஸ் கார்சினோமா இதற்கு அழகாகப் பாசிட்டிவ் ஆகும். பெண்ணின் வயிற்று நீரில் டபிள்யூடி-1ஐ மீசோதீலிய மார்க்கராக எண்ணுவதை நிறுத்திவிட்டு, சினைப்பை மார்க்கராக எண்ண வேண்டும். டி2-40 சவ்வில் தடித்த கோடாக வரும். அதுவும் சீரஸ் கார்சினோமாவில் அங்கங்கே வரலாம். ஆக அந்த இடத்தில் மீசோதீலியப் பக்கம் நின்று பேசக் கூடியது கால்ரெட்டினின் மட்டுமே. எதிர்த்தரப்பில் கிளாடின்-4, பாக்ஸ்-8, ஈஆர் மூன்றும் சேர்ந்தால் தீர்ப்பு எளிது.

பிஏபி-1, எம்டிஏபி: மீசோதீலியல் செல் தீயதா என்று கேட்கும் இடம்

இவை வேறு கேள்விக்கானவை. செல் மீசோதீலியம்தான் என்று முந்தைய சாயங்களில் உறுதியான பிறகே இவற்றைத் தொட வேண்டும். கண்ணின் யூவியல் மெலனோமா, சிறுநீரகக் கிளியர் செல் கார்சினோமா, பித்தநாளப் புற்று ஆகியவற்றிலும் பிஏபி-1 இழப்பு உண்டு. வம்சம் தெரியாமல் 'பிஏபி-1 இழப்பு, எனவே மீசோதீலியோமா' என்று தாவினால் விழுவது நிச்சயம்.

பிஏபி-1 இழப்பு சாதுவான மீசோதீலியல் செல்லில் வருவதில்லை என்றே சொல்லலாம். எபிதீலியாய்டு வகை நுரையீரல் உறை மீசோதீலியோமாவில் பாதிக்கு மேல் இழப்பு தெரியும். படிக்கும் முறைதான் நுணுக்கம். உட்கருவில் நிறம் இருக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் லிம்ஃபோசைட்டின் உட்கருவில் நிறம் கட்டாயம் இருக்க வேண்டும். லிம்ஃபோசைட்டே நிறம் பிடிக்காத ஸ்லைடில் 'இழப்பு' என்று எழுதுவது மன்னிக்க முடியாத பிழை. அந்த ஸ்லைடு தோல்வி, மறுபடி ஓட்ட வேண்டும். சைட்டோபிளாசத்தில் பழுப்பும் உட்கருவில் வெறுமையும் இருந்தால் அதுவும் இழப்பே. அதிகம் புழங்கும் சி-4 குளோன் (அதே புரதத்துக்கான ஆன்டிபாடியின் ஒரு வகை) நன்றாக வேலை செய்கிறது. மேக்ரோஃபேஜ்களில் இருக்கும் நிறமிகளை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய ரத்தக்கசிவு உள்ள நீரில் ஹீமோசிடெரின் நிறமி, ஆன்டிபாடிக்கு நிறம் தரும் டாப் என்ற குரோமோஜனின் பழுப்பைப் போலவே இருக்கும். முதல் ஆன்டிபாடி விடாத நெகட்டிவ் கண்ட்ரோல் ஸ்லைடை அதே பிளாக்கிலிருந்து ஓட்டினால் குழப்பம் தீரும், சிவப்புக் குரோமோஜனுக்கு மாறினாலும் தீரும்.

எம்டிஏபி, 9பி21 பகுதியில் சிடிகேஎன்2ஏ ஜீனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஜீன் இரண்டு பிரதியிலும் காணாமல் போகும்போது பெரும்பாலும் எம்டிஏபியும் கூடப் போகும். அதனால் ஜீன் இழப்பை ஒளிரும் குறிகளால் காட்டும், விலையுயர்ந்த ஃபிஷ் பரிசோதனைக்கு ஓரளவு மாற்று. பார்க்க வேண்டியது சைட்டோபிளாச இழப்பு. மங்கலான நிறத்தை இழப்பு என்று எண்ணாமல் பக்கத்துச் செல்லோடு ஒப்பிட வேண்டும். பிஏபி-1உடன் சேர்த்துப் போட்டால் தனித்தனியாகக் கிடைப்பதைவிட அதிகக் கேஸ்கள் பிடிபடும்.

பிஏபி-1, எம்டிஏபி இரண்டும் இழக்கப்படாமல் இருந்தால் கூட 'மீசோதீலியோமா இல்லை' என்று எழுத முடியாது. இழப்பு இல்லாத மீசோதீலியோமாக்கள் நிறைய உண்டு. சார்கோமடாய்டு வகை நீரில் செல்லையே உதிர்ப்பது அரிது. எதிர்த்திசையிலும் ஒரு எல்லை உண்டு. 2021இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு மீசோதீலியோமா இன் சைட்டுவை ஏற்றுக்கொண்டபின், இழப்பு கண்ட செல்கள் ஊடுருவாத நிலையிலிருந்தும் உதிர்ந்திருக்கலாம். நீரில் ஊடுருவல் தெரியாது. அதனால் ஸ்கேனில் உறைத் தடிப்போ முடிச்சோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் 'மீசோதீலியோமா' என்று முடிக்க வேண்டும்.

இதே கேள்விக்குப் பழைய நாள்களில் ஓட்டிய டெஸ்மின், ஈஎம்ஏ, குளுட்-1, ஐஎம்பி-3, பி53 ஆகியவற்றை ஒரு நோயாளியின் முடிவுக்கு நம்ப முடியாது. கூட்டத்தில் சராசரி எடுத்தால் வித்தியாசம் தெரியும். ஒரு தனி ஸ்லைடில் இரு பக்கமும் சரியும். புதிதாக வாங்குபவர்கள் இந்த வரிசைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

எங்கிருந்து வந்தது?

கார்சினோமா என்று உறுதியானபின் மூல உறுப்பைத் தேடும் கட்டம். நோயாளியின் வரலாறு தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. வேண்டுகோள் படிவத்தில் 'நீர், புற்றுநோய் உள்ளதா?' என்று மட்டும் எழுதி அனுப்பும் மருத்துவருக்கு ஒரு போன் போடுவது பத்து ஆன்டிபாடியைவிட மேல்.

நுரையீரல் அடினோகார்சினோமாவுக்கு டிடிஎஃப்-1, நாப்சின்-ஏ. டிடிஎஃப்-1இல் குளோன் முக்கியம்: 8ஜி7ஜி3/1 குறிப்பாகப் பேசும், எஸ்பிடி24 அதிகம் பிடிக்கும், அதோடு நுரையீரல் அல்லாத கட்டிகளிலும் அவ்வப்போது நிறம் காட்டும். எந்தக் குளோன் என்று ரிப்போர்ட்டில் குறிப்பிடாதவர்களின் முடிவைப் படிப்பது கடினம். நாப்சின் மேக்ரோஃபேஜ்களிலும் குருணையாக வரும். செல் யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

மார்பகத்துக்கு கேட்டா-3 உயிரோட்டமுள்ள மார்க்கர்தான், ஆனால் மீசோதீலியோமாவிலும் வரும், யூரோதீலியல் புற்றிலும் வரும், டி-லிம்ஃபோசைட்டிலும் மங்கலாக வரும். கிளாடினோடு சேராமல் தனியாகப் படிக்கவே கூடாது. ஈஆர், டிஆர்பிஎஸ்-1 துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மும்மை எதிர்மறை வகையில் கேட்டா-3 தளரும்போது டிஆர்பிஎஸ்-1 தாங்கும்.

சினைப்பைக்கு பாக்ஸ்-8, டபிள்யூடி-1, பி53. பாக்ஸ்-8இலும் குளோன் பிரச்சினை உண்டு: பாலிகுளோனலும் எம்ஆர்க்யூ-50ம் பாக்ஸ்-5உடன் குறுக்கே பிடிப்பதால் பி-லிம்ஃபோசைட்டுகள் பளிச்சிடும். லிம்ஃபோசைட் நிறைந்த வயிற்று நீரில் இதைப் பார்த்துவிட்டு ஒற்றைப் புற்றுச்செல்கள் என்று நினைப்பது எளிது. பிசி12 குளோனில் இந்தத் தொல்லை இல்லை.

பெருங்குடலுக்கு சிகே20, சிடிஎக்ஸ்-2, சாட்பி-2 நன்றாகவே பேசும். இரைப்பையும் கணையமும்தான் ஏமாற்றம். இவற்றுக்கென்று தனியான மார்க்கர் இல்லை. சிகே7 இருக்கும், மற்றவை இருக்கலாம் இல்லாமலும் போகலாம். கணையப் புற்றில் ஏறத்தாழப் பாதியில் எஸ்மேட்-4 இழப்பு தெரியும், அது ஒரு ஆறுதல். மீதியை 'மேல் இரைப்பை-குடல் அல்லது கணைய-பித்தநாளப் பகுதி' என்று எழுதிவிட்டு ஸ்கேனுக்கு விடுவதே நேர்மை. புரோஸ்டேட்டுக்கு என்கேஎக்ஸ்3.1, கல்லீரலுக்கு ஆர்ஜினேஸ்-1, ஸ்மால் செல்லுக்கு ஐஎன்எஸ்எம்-1, மெலனோமாவுக்கு சாக்ஸ்-10: நான்கும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவை.

லிம்ஃபோசைட் மட்டுமே நிரம்பிய நீர் என்றால் செல் பிளாக்குக்கு முன்பே ஒரு பகுதியை நிலைப்படுத்தாமல் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கருவியால் வகைப்படுத்தும் முறை) அனுப்ப வேண்டும். ஃபார்மலின் தொட்டபின் அந்தக் கதவு மூடிவிடும். கட்டி எங்கும் இல்லாமல் நீரில் மட்டும் பெரிய விகாரமான லிம்ஃபாய்டு செல்கள் இருந்து, சிடி20 வராமல் இருந்தால், எச்எச்வி-8 என்ற வைரஸுக்கான லானா-1 போட மறக்கக் கூடாது. எய்ட்ஸ் நோயாளிகளில் வரும் பிரைமரி எஃப்யூஷன் லிம்ஃபோமா அப்படித்தான் ஒளிந்திருக்கும்.

நீரில் அளக்கும் ரசாயன மார்க்கர்கள்

சிஇஏ, சிஏ-125, சிஏ 15-3, சைஃப்ரா 21-1 என்று நீரிலேயே அளந்து தரும் சேவைகளும் உண்டு. ரிப்போர்ட்டில் எண் வருவதால் நம்பிக்கை கூடிவிடுகிறது. சிஏ-125ஐ நீரில் அளப்பதில் பயனே இல்லை: உறுத்தப்பட்ட மீசோதீலியல் செல்லே அதைச் சுரக்கும், இதயச் செயலிழப்பிலும் காசநோயிலும் கல்லீரல் நோயிலும் அது ஏறும். சிஇஏ மட்டும் ஓரளவு மதிப்புள்ளது. மிக உயர்ந்த சிஇஏ அடினோகார்சினோமாவை நோக்கிக் கை காட்டும், மீசோதீலியோமாவுக்கு எதிராகப் பேசும். குறைந்த சிஇஏ எதையும் சொல்லாது. கரையும் மீசோதெலின் மீசோதீலியோமாவில் உயரும்; சினைப்பை, கணையப் புற்றிலும் உயரும்.

இங்கே தொழில்நுட்பக் குறை ஒன்று எப்போதும் மறைந்தே இருக்கும். பெரும்பாலான கிட்டுகள் சீரத்துக்குச் சரிபார்க்கப்பட்டவை. பிசுபிசுப்பான, புரதம் செறிந்த நீரில் அதே அளவீடு செல்லுமா என்று ஆய்வகம் தானே நீர்த்துப் பார்த்து, அளவு நேர்விகிதத்தில் குறைகிறதா என்று சோதிக்க வேண்டும். அளவு மிக அதிகமாக இருந்தால் ஹூக் விளைவால் கருவி குறைந்த எண்ணைக் காட்டும். பத்தில் ஒரு பங்காக நீர்த்து மறுபடி ஓட்டினால் எண் எகிறும். இந்தச் சோதனை செய்ததாகச் சொல்லாத சேவையிலிருந்து வரும் சிஇஏ எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். செல்லைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று யாருக்கும் சொல்லக் கூடாது.

எந்த வரிசையில் ஓட்டுவது

பிளாக்கை வெட்டும்போதே 4 மைக்ரான் அளவில் பத்துப் பன்னிரண்டு வெறும் ஸ்லைடுகளை ஒரே மூச்சில் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டால் பிளாக்கை மறுபடி சமன்படுத்துவதிலேயே செல்கள் வீணாகும். எல்லா வெட்டுகளையும் ஒரே திசையில், ஸ்லைடின் ஒரே இடத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஐந்தாவது ஸ்லைடில் கேட்டா-3 பிடித்த அதே கொத்து இரண்டாவதில் கால்ரெட்டினின் பிடித்ததா என்று இடம் மாறாமல் தேட முடியும். மீசோதீலியல் செல்லும் அழற்சிச் செல்லும் கழித்த பிறகு மிஞ்சும் அந்நியக் கூட்டத்தை இப்படித்தான் அடையாளம் காண்பது.

முதல் சுற்றில் கிளாடின்-4, கால்ரெட்டினின், கூடவே வரலாறு சுட்டும் ஒரு உறுப்பு மார்க்கர். அதோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டாவது சுற்று முதல் சுற்றின் பதிலைப் பொறுத்தது: மீசோதீலியம் என்றால் பிஏபி-1, எம்டிஏபி, கார்சினோமா என்றால் உறுப்பு மார்க்கர்கள். பதினைந்து ஆன்டிபாடியை முதல் நாளே ஓட்டும் 'முழு பேனல்' சேவைகளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பிளாக் தீர்ந்தபின் நுரையீரல் புற்றுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, பிடி-எல்1 பரிசோதனைகளைக் கேட்டு மருத்துவர் போன் செய்வார். பிடி-எல்1க்கு உயிருள்ள நிலையில் நிலைப்படுத்திய புற்றுச்செல்கள் குறைந்தது நூறு வேண்டும். மேக்ரோஃபேஜ்களும் அதற்குப் பாசிட்டிவ் ஆவதால் எண்ணுபவர் ஒவ்வொரு செல்லாகப் பிரித்தறிய வேண்டும். நுரையீரல் புற்று என்று தெரிந்த நோயாளிக்கு டிடிஎஃப்-1 ஒன்றோடு முடித்துக்கொண்டு மீதி ஸ்லைடுகளை எடுத்து வைப்பதுதான் அவருக்குச் செய்யும் உதவி.

பிளாக் அப்படியும் தீர்ந்துவிட்டால், தொடக்கத்தில் வடித்துத் தனியே வைத்த மேல்நீரில் செல்லிலிருந்து கழன்ற டிஎன்ஏ இருக்கும். ஈஜிஎஃப்ஆர் மாற்றத்தை அதிலேயே பார்க்க முடியும், குளிரில் வைத்துச் சீக்கிரம் அனுப்பினால். செல் பிளாக்குக்கு வேறொருவரின் பிளாஸ்மா சேர்த்திருந்தால் அந்த நபரின் டிஎன்ஏயும் படிவில் சிறிது கலந்திருக்கும் என்பதை மூலக்கூறு ஆய்வகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்மா விடுவதற்கு முன்பே எடுத்த மேல்நீரில் அந்தக் கலப்பு இராது.